மருத்துவச்சி ஊற்றிய தண்ணீர்

நான் இரண்டு முறை ஞானஸ்நானம் பெற்றவள். முதல் முறை ஏழாயிரம்பண்ணைக்கு அருகே ஒரு கரிசல் கிராமத்துப் புராட்டஸ்டண்ட் வேதக்கோயிலில், கைக்குழந்தையாக. அந்தக் கோயிலுக்கு உபதேசியார் என் அப்பா. பாட்டு எடுத்துக்கொடுப்பார், வீடு வீடாகப் போய் ஜெபிப்பார், சபைக் குருவான ஐயர் வராத வாரங்களில் பிரசங்கமும் அவர்தான். இரண்டாம் முறை சிவகாசி மாதா கோயிலில், இருபது வயதில், கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பு.

மாப்பிள்ளைக்கு நாரணாபுரம். கத்தோலிக்கர். வெடிக் கம்பெனியில் மருந்து கலக்குகிற வேலை. எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் அலுமினியப் பொடியின் மினுக்கம் போகாது. எனக்கு அவரைப் பிடித்துப்போனது, அவ்வளவுதான். மதம் ஒன்றுதான், சபைதான் வேறு, மாறிக்கொண்டால் போதும் என்றார்கள். பழைய ஞானஸ்நானம் முறைப்படி நடந்ததா என்று தங்களுக்குத் தெரியாது, எதற்கும் இன்னொரு தடவை கொடுத்துவிடலாம் என்றார்கள். அந்த "எதற்கும்" அப்பாவின் நெஞ்சில் போய் எலும்பாகச் சிக்கியது.

நிச்சயம் பேச வந்த அன்று மாமனார் உற்சாகமாக இருந்தார். லேபிள் அச்சாபீஸில் மிஷின் ஓட்டுகிறவர், பேச ஆரம்பித்தால் மிஷின் மாதிரியே நிறுத்தமாட்டார்.

"சம்மந்தி, கோவிச்சுக்கிடாதீக. ரோமாபுரியில போப்பாண்டவரு பெரிய சங்கம் கூட்டப் போறாகளாம். பிரிஞ்சு போனவுக அம்புட்டுப் பேரும் இனித் திரும்பி வந்துருவாக. தாய் வீடு ஒண்ணுதானே?"

"தாய் வீடுன்னா, வந்த பிள்ளைய வாசல்ல நிப்பாட்டி, குளிச்சியா குளிக்கலையான்னா கேப்பா?" என்றார் அப்பா.

வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். மாமனாரும் சிரித்தார். ஆனால் விடவில்லை.

"எங்க திருச்சபைக்கு மனசு பெருசுய்யா. சாகக் கெடக்குற பச்சப்பிள்ளைக்கு யாரு வேணும்னாலும் தண்ணி ஊத்தலாம். மாரியம்மனக் கும்பிடுற பொம்பள ஊத்துனாக்கூடச் செல்லும், தெரியுமா?"

"அவுக ஊத்துனா செல்லும். எங்க ஐயர் ஊத்துனா செல்லாது. சரிதான்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அப்பா காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, அது ஆறி ஆடை கட்டும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லோரும் ஒரே கூரைக்கடியில் வந்துவிட்டால் என்ன? இந்தக் கேள்வியை நான் அடுப்படியில் கேட்டிருக்கிறேன், பஸ்ஸில் கேட்டிருக்கிறேன், வெடிக்குக் காகிதக்குழாய் சுற்றும்போது பசை காயும் நேரத்தில் கேட்டிருக்கிறேன். கூடியிருந்தால் எனக்கு ஒரு பிறந்த வீடு மிஞ்சியிருக்கும். "ஒரே ஏசுசாமிக்கு எதுக்கு ரெண்டு கோயிலு, ரெண்டு சுடுகாடு?" என்று கடைத்தெரு முதலாளி வீட்டம்மா கேட்டபோது நான் முழித்திருக்க வேண்டாம். மாதா கோயிலின் மெழுகுவத்தி வெளிச்சம் எனக்குப் பிடித்திருந்தது. ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்து முறையிடுவது பிடித்திருந்தது.

ஆனால் அந்தக் காலத்தில் பூசை லத்தீனில். சாமியார் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, புரியாத பாஷையில், எங்களுக்காகத்தான் பேசிக்கொண்டிருந்தார். கூடினால் அப்பாவின் தமிழ்ப் பாட்டு எங்கே போகும்? பெண்டாட்டி பிள்ளைகளோடு இருக்கும் எங்கள் ஐயர் எங்கே போவார்? கூரை வீட்டில் பனையேறி ஒருத்தர் தானே வேதத்தைத் திறந்து, எழுத்துக்கூட்டி, தானே அர்த்தம் பண்ணிக்கொள்வாரே, அவரிடம் யார் அனுமதிச் சீட்டு கேட்பார்கள்? இன்னொன்றும் உண்டு. சேரி ஜனம் இரண்டு கோயிலிலும் ஓரமாகத்தான் உட்கார்ந்தது. ஒன்றுசேர்வதைப் பற்றிப் பேசிய எவரும் அந்த ஓரத்தைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

கல்யாணத்துக்குப் பின் மாதம் ஒரு சனிக்கிழமை அப்பா பஸ் ஏறி வருவார். மற்றச் சபையாருடைய ஜெபத்தில் சேரக்கூடாது என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். தட்டு வைத்ததும் அப்பா பழக்கத்தில் கண்ணை மூடி, "ஆண்டவரே" என்று வாயெடுப்பார். உடனே நினைவு வந்து, கண்ணைத் திறந்து, சோற்றைப் பிசைவார். மகள் வீட்டில் அவர் திருடனைப் போல ஜெபித்தார்.

அப்படி ஒரு சனிக்கிழமை நண்பகல், ஏழாம் மாதத்திலேயே எனக்கு வலி கண்டது. மாமியார் இல்லாத வீடு. தெருமுனை மருத்துவச்சி வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கார் பிடிக்க என் வீட்டுக்காரர் சைக்கிளில் சிவகாசிக்கு விரைந்தார். சாமியாரைக் கூட்டிவர மாமனார் ஓடினார். அப்பா மட்டும் வாசற்படியில் நின்றார்.

பையன் பிறந்தான். அழவில்லை. உள்ளங்கை இரண்டு சேர்த்தால் அடங்குகிற உடம்பு, நாவற்பழத் தோல் போல நிறம். நெஞ்சுக்கூடு எப்போதாவது ஒருமுறை குழிந்து எழுந்தது.

"நிக்காது உபதேசியாரே," என்றாள் மருத்துவச்சி.

அப்பா ஒரு செம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு உள்ளே வந்தார். அவர் ஏன் வந்தார் என்று எனக்குப் புரிந்தது. "ஊத்துங்கப்பா," என்றேன். குழந்தையின் தலைக்கு மேல் செம்பு வந்துவிட்டது. சாய வேண்டியதுதான் பாக்கி. சாயவில்லை. அப்பா அதை மருத்துவச்சியிடம் நீட்டினார்.

"நான் ஊத்துனா செல்லாது. பெறகு ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைன்னு கல்லறைச் சுவத்துக்கு அந்தப் பக்கம் பொதச்சிருவாக. நீ ஊத்து தாயி."

"ஏய்யா, நான் மாரியாத்தாளுக்குக் கூழு ஊத்துறவ. ஏங் கையால ஊத்துனா உங்க சாமிக்கு ஆகுமா?"

"ஒங் கையாலதான் ஆகும். நான் சொல்றத அப்படியே சொல்லு."

தன் சபையின் வார்த்தைகளை அப்பா சொல்லிக்கொடுக்கவில்லை. பரிசுத்த ஆவி என்று வாழ்நாளெல்லாம் சொன்னவர், பின்னால் ஒரு சந்தேகமும் வந்துவிடக்கூடாது என்று, கத்தோலிக்கர் சொல்கிற மாதிரியே, பிதாவுடையவும் சுதனுடையவும் இஸ்பிரீத்து சாந்துவுடையவும் என்று எடுத்துக்கொடுத்தார். பிள்ளைக்கு ஒரு பெயரும் சொன்னார். அதை இங்கே எழுதமாட்டேன். பிதாவும் சுதனும் அவள் வாயில் வந்தார்கள். மூன்றாவதில் நாக்குச் சிக்கிக்கொண்டது.

"இசுப்பிரி... என்னய்யா இது, வாய்க்குள்ள நொழைய மாட்டேங்குது?"

"இஸ்பிரீத்து."

"இசுப்பிரித்தி..."

"இஸ்-பி-ரீத்-து. பதறாம சொல்லு தாயி. இன்னொருக்கா."

நான் பாயில் கிடந்தபடி அந்தச் சிறிய நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது குழிந்தது. எழுந்தது. அப்புறம் எழுவதற்காக நான் காத்திருந்தேன். மூன்றாம் தரம் வார்த்தை சரியாக வந்து தண்ணீர் விழுந்தபோது, அது எழுந்துகொண்டுதான் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது.

சாமியார் வந்ததும் மருத்துவச்சியைத்தான் முதலில் விசாரித்தார். "தண்ணி ஊத்தும்போது உசிர் இருந்துச்சா?"

"இருந்துச்சு சாமி. கண்ண முழிச்சு என்னயப் பாத்துச்சு," என்றாள். அவன் கண் திறக்கவே இல்லை.

சாமியார் தலையசைத்தார். குழந்தைக்குச் சுவருக்கு உள்ளேயே இடம் கிடைத்தது. வெள்ளைத் துணி சுற்றி, லத்தீனில் வாசித்து, வானதூதனாக, சம்மனசாகப் போய்விட்டான், அழக்கூடாது என்றார்களாம். குழி மூடிய பிறகு சாமியார் அப்பாவின் அருகில் வந்ததை வீட்டுக்காரர் பார்த்திருக்கிறார். கருணையோடுதான் வந்தார். அவர் நல்ல மனிதர்.

"நீங்களே ஊத்தியிருக்கலாமே உபதேசியாரே. ஆபத்து நேரத்துல யாரு முறையா ஊத்துனாலும் எங்களுக்குச் செல்லும். நீங்க ஊத்துனாலும்தான்."

அப்பா, "அப்ப எம் மகளுக்கு எதுக்குச் சாமி ரெண்டாந் தரம்?" என்றாராம்.

"அந்த முதல் தரம் எப்படி ஊத்துனாகன்னு நாங்க பாக்கலையே."

அப்பா சரி என்று தலையாட்டிவிட்டு பஸ்ஸுக்கு நடந்துவிட்டார். என்னிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை.

அடுத்த ஆண்டுகளில் எனக்கு இரண்டு பெண்கள் பிறந்தார்கள். அவர் வந்து பார்த்தார். ஒருத்தியையும் தூக்கவில்லை. "நான் இங்கன இருந்தே பாக்கேன் தாயி, நீயே வச்சுக்க," என்பார்.

ரோமாபுரிச் சங்கம் கூடி முடிந்தது. பூசை தமிழுக்கு வந்தது, சாமியார் எங்கள் பக்கம் திரும்பி நின்றார். பிரிந்த சகோதரரோடு சேர்ந்து ஜெபிக்கலாம் என்றார்கள். மாதா கோயிலில் இரண்டு சபைக்கும் பொதுவாக ஒரு ஜெபக்கூட்டம் வைத்து, அதே சாமியார், தலை நரைத்துப் போனவர், வாசலுக்கே வந்து அப்பாவை வரவேற்றார். "ஆரம்ப ஜெபம் நீங்கதான் பண்ணணும் உபதேசியாரே," என்றார்.

"வேற யாரையாச்சும் கூப்பிடுங்க சாமி," என்றார் அப்பா. "எம் பேரன் சாகும்போது நான் ஜெபிக்கல. பாடம் சொல்லிக் குடுத்துக்கிட்டிருந்தேன்."

சாமியார் அவர் கையைப் பிடித்தார். அப்பா பிடிக்க விட்டார்.

கூட்டம் நடந்தது. வேறு யாரோ ஆரம்பித்தார்கள். இரண்டு சபையும் எழுந்து, பரமண்டலத்திலிருக்கிற பிதாவை ஒரே குரலில் அழைத்தபோது கோயிலே அதிர்ந்தது. எனக்குப் புல்லரித்தது என்பதையும் சொல்ல வேண்டும். கடைசி வரிசையில் நின்ற அப்பாவை நான் திரும்பிப் பார்த்தேன். இனி அவரோடு சேர்ந்து ஜெபிக்க எனக்குத் தடையில்லை. அவர் எல்லோரையும்போல எழுந்துதான் நின்றார். முடியும் வரை பார்த்தேன், உதடு அசையவில்லை.