காற்று மதியத்துக்கு மேல் உண்டு

ஒயர் நுனியில் டெர்மினல் அடிக்கிற ஏர் கன்னை ரிப்பேர் செய்பவனுக்கு வேலை இல்லாமல் போகவே போகாது; கன் தானாகக் கெடுவது அபூர்வம், வைத்திருக்கிறவர்கள் அன்பாகக் கெடுப்பதுதான் வழக்கம்.

மிக்ஸி, மோட்டார், ஸ்கூட்டர், எதைக் கழற்றினாலும் ஒயர் முனையைக் கவ்விக்கொண்டு ஒரு சின்ன உலோகத் துண்டு இருக்கும். அதுதான் டெர்மினல். அதை ஒயரோடு சேர்த்துக் கடிக்க வைப்பதுதான் கன்னின் வேலை. கம்ப்ரசரிலிருந்து குழாய் வழியாகக் காற்று வரும், பட்டனை அழுத்தினால் வாய் மூடிக் கடிக்கும். கடி குறைந்தால் ஒயர் உருவிக்கொண்டு வந்துவிடும், அதிகமானால் உள்ளே இழைகள் அறுந்துபோகும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் என் பிழைப்பு. எனக்கு வீடு கோயமுத்தூர் கோட்டைமேடு, சர்வீஸ் கடை குறிச்சி. ஜமால் என்று வாப்பா வைத்த பெயர் ஆதார் அட்டையில் பத்திரமாக இருக்கிறது. ஊருக்கு நான் காத்து பாய்.

பம்போ, ஏசியோ, தையல் மெஷினோ, அடுத்தவர் கெடுத்ததைச் சரி செய்து வயிறு வளர்க்கும் சக பாவப்பட்ட ஜீவன்களுக்கு நான் சொல்லப்போவது புரியும். இதில் முக்கால்வாசி, கிணத்துக்கடவு கலாமணி அக்காவின் ஷெட்டில் ஒரே வருடத்தில் நடந்தவை. மில்லில் வேலை பார்த்து, மில் மூடிய பிறகு தென்னந்தோப்பின் ஓரத்தில் ஒரு தகர ஷெட் போட்டு, அக்கம்பக்கத்துப் பெண்களை வைத்து ஒயருக்கு டெர்மினல் அடிக்கிற வேலை எடுத்துச் செய்கிறவர் அவர். உதிரி வேலைகளை நம்பி ஷெட் தள்ளாடிக்கொண்டிருந்தது. கோயமுத்தூரில் ஒரு மோட்டார் கம்பெனி, சாம்பிள் பிடித்திருந்தால் மாதாமாதம் வேலை தருகிறோம் என்று சொல்லியிருந்தது. கிடைக்காவிட்டால் ஷெட்டைத் தேங்காய் குடோனுக்கு வாடகைக்கு விட்டுவிடுவது என்று அக்கா முடிவே செய்துவிட்டார்.

தினமும் வருகிற தண்ணீர்

கணபதியில் பம்ப் பட்டறை வைத்திருக்கும் ரங்கசாமி அண்ணன் ஒருநாள் கூப்பிட்டார். கன்னை அழுத்தினால் டெர்மினல் குளித்துவிட்டு வருகிறதாம். போய்ப் பார்த்தால் உண்மைதான். கடிக்கும்போதெல்லாம் பின்பக்கம் தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறது, வேலை செய்கிற தம்பிகள் சட்டை நனைந்து நிற்கிறார்கள்.

காற்றில் இருக்கிற ஈரமெல்லாம் கம்ப்ரசர் டேங்கில் தண்ணீராகத் தேங்கும். அடியில் இருக்கும் திருகைத் தினமும் திறந்துவிட்டால் போய்விடும். அண்ணன் பட்டறையில் அந்தத் திருகை, கம்ப்ரசர் வாங்கி வந்த நாளிலிருந்து யாரும் தொடவில்லை. நான் திறந்ததும் துருத் தண்ணீர் பட்டறை வாசல் வரை ஓடியது. இத்தனையையும் உள்ளே வைத்துக்கொண்டு எப்படி அண்ணா ஓட்டினீர்கள் என்று கத்தினேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "வீட்டுக் கொழாயில தண்ணி வாரத்துக்கு ஒருக்காத்தான் வருது, இங்க தெனமும் வந்துதுங்க பாய், அடைக்க மனசு வரலைங்க."

பொட்டு வைத்த வாய்

ஆயுத பூஜை முடிந்த மறுநாள் எங்கள் தொழிலுக்குத் தீபாவளி. எல்லாப் பட்டறையிலிருந்தும் போன் வரும். கலாமணி அக்காவின் ஷெட்டில் மயிலாத்தா என்று ஒரு அம்மணி. கன்னை அவர்தான் ஓட்டுவார். அதை அது என்று சொல்ல மாட்டார், அவுங்க என்றுதான் சொல்வார். "அவுங்க இன்னைக்கு வாயத் தொறக்க மாட்டேங்கறாங்க பாய்" என்று போனில் அவர் சொன்னபோது, வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்து ஒரு நிமிடம் பதறிவிட்டேன்.

போய்ப் பார்த்தால் பூஜைக்குச் சந்தனம் பூசியிருக்கிறார்கள். மேலே பூசினால் அழகு, நானும் ரசிப்பேன். மயிலாத்தா அந்தக் கடிக்கிற வாய்க்குள்ளேயும் மூன்று விரலால் பட்டை இழுத்து, நடுவில் குங்குமமும் வைத்திருந்தார். காற்று வெளியேறும் துளைகளையும் விடவில்லை. சந்தனம் காய்ந்து சிமெண்ட் மாதிரி இறுகியிருந்தது. வெளியேற வழியில்லாத காற்று உள்ளேயே நின்று, வாய் திறக்காமல் மாட்டிக்கொண்டது. ஒரு ஈரத்துணியில் துடைத்திருந்தால் என்னைக் கூப்பிடவே வேண்டியதில்லை என்று கடிந்துகொண்டேன். மயிலாத்தா காதைப் பிடித்துக்கொண்டார்: "சாமிப் பொட்ட நாங்க தொடச்சாத் தப்புங்க பாய், நீங்க தொடச்சா சர்வீசுங்க."

மார்கழியில் என் கைராசி

மார்கழி பிறந்ததும் அக்காவிடமிருந்து காலை ஏழு மணிக்கெல்லாம் போன். கன் அசைய மாட்டேன் என்கிறது. நான் வண்டியை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் பத்து மணி ஆகிவிடும். போய்த் தொட்டால் டக்கென்று கடிக்கும், ஒரு குறையும் இருக்காது. மறுநாள் காலை மறுபடி போன், மறுபடி நான் போனதும் சரி. பாய் கை வைத்தாலே குணமாகிவிடுகிறது என்று ஷெட் முழுக்கப் பேச்சு. பொய் சொல்வானேன், எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது. வீட்டில் டீயில் சர்க்கரை குறைந்தால்கூட, கிணத்துக்கடவுக்காரர்களிடம் போய் என் மதிப்பைக் கேட்டுப் பார் என்று சொல்ல ஆரம்பித்தேன்.

ஆனாலும் மனசு அரித்தது. ஒருநாள் மஃப்ளரைக் கட்டிக்கொண்டு விடியும்போதே போய் நின்றேன். கன்னுக்குப் போகும் காற்றோடு சொட்டுச் சொட்டாக எண்ணெய் சேர்வதற்கு ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணம் உண்டு. அதைக் கழற்றினேன். உள்ளே வெள்ளை வெளேர் என்று உறைந்து கிடந்தது, அசல் தேங்காயெண்ணெய். பத்து மணிக்குத் தகரம் சூடானதும் அது உருகியிருக்கிறது. என் கைராசியும் அதோடு சேர்ந்து உருகிப் போனது. நான் கொடுத்துவிட்டுப் போன மெஷின் எண்ணெய் எங்கே என்று கேட்டால், பாட்டில் மூடி திறக்காமல் அலமாரியில் இருக்கிறது. ஷெட்டில் ஏன் எப்போதும் தலைவாரி முடித்த வாசனை அடிக்கிறது என்பதும் அன்றைக்குத்தான் புரிந்தது. நான் முறைத்த முறைப்பில் அக்காவுக்கு வருத்தமே வந்துவிட்டது: "அந்தக் கருப்பெண்ணெய ஊத்த மனசு வரலைங்க பாய், என்ற பேரனுக்குத் தேய்க்கற அதே செக்கெண்ணெயத்தானுங்க ஊத்துனேன்."

பாராட்டிவிட்டுப் போனவர்

தை மாதம் சாம்பிள் போயிற்று. கம்பெனியில் தரம் பார்க்கிறவர் தண்டபாணி என்று ஒரு கோபிசெட்டிபாளையத்துக்காரர். ஒவ்வொரு ஒயரையும் டெர்மினலையும் ஒரு சின்ன இழுவைத் தராசில் மாட்டி இழுத்துப் பார்ப்பார். குறிப்பிட்ட அளவு வரை தாங்கினால் பாஸ். சாம்பிளைப் பார்த்துவிட்டு அவர் ஷெட்டுக்கே வந்து பேசியதாக அக்கா எனக்குச் சந்தோஷமாகச் சொன்னார். ரொம்பப் பாராட்டினாராம், வேலை சுத்தம் என்றாராம், இன்னொரு தரம் செய்து பார்க்கலாம் என்று ஆசைப்பட்டாராம். ஷெட்டில் எல்லோருக்கும் லட்டு கொடுத்து, எனக்கும் ஒரு பொட்டலம் எடுத்து வைத்திருக்கிறார்.

இன்னொரு தரம் என்பது எனக்கு உறுத்தியது. தண்டபாணி சாருக்கே போன் போட்டேன். அவரும் முதலில் வேலை சுத்தம் என்றார், பெண்களின் பொறுமையைப் புகழ்ந்தார், அக்காவின் மோரைக்கூடப் புகழ்ந்தார். நேராகக் கேட்டேன், பாஸா ஃபெயிலா சார் என்று. அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. சில டெர்மினல்கள் இழுத்ததும் வந்துவிட்டன, அடுத்த சாம்பிளும் இப்படியே இருந்தால் வேலை வேறு இடத்துக்குப் போய்விடும், கன்னில்தான் கோளாறு இருக்கும் போலத் தெரிகிறது என்றார். என் கன்! நான் கழற்றிப் பூட்டிய கன்! இதை ஏன் சார் அக்காவிடம் இப்படிச் சொல்லவில்லை என்றேன். அவர் குரல் இன்னும் இறங்கிப்போனது: "பொம்பளைங்க எல்லாருமாச் சேந்து செஞ்சு குடுத்தத, நல்லா இல்லைன்னு எந்த வாயிலீங்க சொல்லச் சொல்றீங்க?"

அமாவாசைக் காற்று

கன்னைப் பார்ட் பார்ட்டாகக் கழற்றினேன். ஒரு குற்றமும் இல்லை. வாய்க்குள் பல் மாதிரி இருக்கும் டையை மாற்றிப் பார்த்தேன், அதுவும் சரி. மயிலாத்தா அடித்ததையெல்லாம் தராசில் மாட்டி இழுத்தேன், ஒன்றுகூட வரவில்லை. மூக்கு உடைந்தவன் மாதிரி ஷெட்டில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். அப்போது வெளியே ஒரு டெம்போ வந்து நின்றது. டிரைவர் இறங்கி வந்து, "ஏனுங்க, கொஞ்சம் காத்துப் புடிச்சுக்கட்டுங்களா?" என்றார். அக்கா உள்ளிருந்தே "புடிச்சுக்குங்க சாமி" என்றார். அவர் சுவர் ஓரத்தில் தொங்கிய குழாயை எடுத்து டயரில் சொருகினார். நான் கம்ப்ரசர் மீட்டரைப் பார்த்தேன். முள் சரிந்து படுத்துவிட்டது. மயிலாத்தா கடிக்க வைத்துக்கொண்டே இருந்தார், கன் பாவம், பாதி வயிற்றோடு கடித்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் அடித்த ஒன்றை இழுத்தேன். வெண்ணெயில் செருகிய ஊசி போலக் கையோடு வந்தது.

பொள்ளாச்சி ரோட்டில் போகிற வண்டிகளுக்கெல்லாம் அக்காவின் ஷெட் இலவசக் காற்று நிலையம் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது. சாம்பிள் அடித்தது எந்த நாளில் அக்கா என்று கேட்டேன். தை அமாவாசையாம். ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்கு ஊரே திரண்டு போன நாள். காலையிலிருந்து வரிசையில் நின்று காற்றுப் பிடித்திருக்கிறார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு, முதல் வேலையாகக் காற்று இல்லை என்று ஒரு பலகை எழுதி மாட்டுங்கள் என்றேன். அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். வாசலில் இல்லை என்று எழுதி வைப்பதா? மூன்று பேர் கூடி யோசித்து, கடைசியில் சாக்பீஸில் எழுதி மாட்டினார்கள், "காற்று மதியத்துக்கு மேல் உண்டு" என்று. காலையிலேயே கன் வேலையை முடித்துவிடுவது என்று ஏற்பாடு. யாராவது வந்து கேட்டால் முடியாது என்று சொல்வீர்களா என்று அக்காவிடம் சத்தியம் வாங்கப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்: "அம்மன் கோயிலுக்குப் போறவங்கன்னா மட்டும் என்னங்க பாய் பண்றது?"

காற்று கேட்டு வந்த சார்

இரண்டாவது சாம்பிளைத் தன் கண் முன்னாலேயே அடிக்க வேண்டும் என்று தண்டபாணி சார் சொல்லிவிட்டார். அன்று காலை நானும் போய் உட்கார்ந்தேன். சார் சொன்ன நேரம் ஆனதும் மயிலாத்தா கன்னைக் கும்பிட்டுவிட்டு ஆரம்பித்தார். சாரைக் காணோம், காணோம் என்று பார்த்தால், ரோட்டிலிருந்து பைக்கைத் தள்ளிக்கொண்டு வேர்த்து விறுவிறுத்து வருகிறார். பின் டயர் தரையோடு தரையாக இருந்தது. வந்தவர் கேட்ட முதல் வார்த்தை, "ஏனுங்க, கொஞ்சம் காத்துக் கெடைக்குங்களா?"

மயிலாத்தாவின் கன் கடித்துக்கொண்டே இருந்தது. கேட்கிறவர் ஆர்டர் கொடுக்கப்போகிறவர். வீட்டுக்கு வந்த மனுஷன். வாழ்நாளில் யாருக்கும் முடியாது என்று சொல்லிப் பழகாத அக்காவின் கை தானாகக் குழாய்ப் பக்கம் போயிற்று. எனக்கு உயிர் போய்விட்டது. நடுவில் புகுந்து நான் சொல்லியிருக்கலாம், ஆனால் அது அக்காவின் ஷெட், அக்காவின் விருந்தாளி. அக்கா வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்களை ஒரு தரம் பார்த்தார். அவர்கள் யாரும் தலை நிமிரவில்லை. குழாயைத் தொட்ட கையைப் பின்னால் இழுத்து, முந்தானையில் துடைத்துக்கொண்டார். முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர் முட்டியது. "சார், எளநி வெட்டித் தாரனுங்க, சோறாக்கிப் போடறனுங்க, காத்து மட்டும் இந்தச் சாம்பிள் முடியற வரைக்கும் கேக்காதீங்க" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அழுதேவிட்டார்.

தண்டபாணி சார் திகைத்து நின்றார். அப்புறம் கம்ப்ரசரைப் பார்த்தார், கன்னைப் பார்த்தார், வாசலில் தொங்கிய பலகையைப் பார்த்தார். போன சாம்பிள் ஏன் அப்படி ஆயிற்று என்பது யாரும் சொல்லாமலே அவருக்கு விளங்கிவிட்டது. சத்தமாகச் சிரித்தபடி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இளநீர் குடித்தார். தராசை எடுத்து ஒவ்வொன்றாக மாட்டி இழுத்தார். ஒன்றும் வரவில்லை. கடைசியில் ஒன்றை எடுத்து, அளவைத் தாண்டி முழுப் பலத்தோடு இழுத்தார். ஒயரே அறுந்தது, டெர்மினல் அசையவில்லை. அடுத்த மாதத்திலிருந்து வேலை உண்டு என்று அவர் சொன்னபோது, நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், காரணம் கேட்காதீர்கள்.

கன்னை நிறுத்தியதும் அக்கா குழாயை எடுத்துக்கொண்டு பைக்குக்கு ஓடினார். பின் டயருக்கு மட்டும் கேட்ட சாருக்கு முன் டயருக்கும் சேர்த்து, போதும் போதும் என்று அவர் கதறும்வரை காற்று அடித்தார். கன்னில் அப்படி என்னம்மா இன்றைக்கு மட்டும் இவ்வளவு பலம் என்று சார் கேட்டார். மயிலாத்தா கன்னைத் துணியால் துடைத்துக்கொண்டே பெருமையாகச் சொன்னார்: "அவுங்க இன்னைக்குத்தானுங்க சார் வயிறு நெறையக் காத்துக் குடிச்சாங்க."

தண்ணீர், சந்தனம், தேங்காயெண்ணெய் என்று எதை எதையோ கன்னிலிருந்து துடைத்து எடுத்த நான் கண்டுகொண்டது இவ்வளவுதான்: இந்த ஊர்க்காரர்களின் தாராள மனசுக்கு மட்டும் என்னிடம் ஸ்பேனர் இல்லை, பலகை மாட்டி மத்தியானம் வரைக்கும் தள்ளிப்போடலாம், அவ்வளவே.