இருபது குச்சிக் கட்டு

சாயங்காலம் பள்ளிக்கூட வராந்தாவில் பாயை விரிக்கும்போதே எனக்கு உடம்பு அசந்துவிடும். காலையில் வீட்டு வேலை, மதியம் மாட்டு வேலை, அதற்குப் பிறகு இந்தக் கணக்கு. பன்னிரண்டாவது வரைதான் படித்தேன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. பிள்ளைகளிடம் மட்டும் எப்படியோ வருகிறது என்பதால் மாலை வகுப்புக்கு ஒத்துக்கொண்டேன். எங்களுடையது மூன்று மாநில எல்லையோரம், பேரிகைப் பக்கம். பாயில் உட்காருபவர்களில் பாதிப் பேருக்கு வீட்டில் தெலுங்கு, சிலருக்குக் கன்னடம். வீட்டுக்குப் போன பிறகும் மூன்று பாஷையில் ஒன்று, இரண்டு காதில் ஓடிக்கொண்டே இருக்கும்.

அந்த வருடம் என்னை ஓய்ந்துபோக வைத்தவள் மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி. அவள் அம்மா ரோஜாத் தோட்டத்து ஷெட்டில் பூக்களைத் தரம் பிரித்துக் கட்டும் வேலை பார்த்தாள். பெண் வருட நடுவில் வகுப்பில் வந்து சேர்ந்தவள். விளக்குமாற்றுக் குச்சிகளை ஒடித்து, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி எண்ண வைப்பேன். கட்டு எத்தனை என்று முதலில் எழுத வேண்டும். மிச்சக் குச்சியைப் பக்கத்தில் எழுத வேண்டும். நாற்பத்து மூன்று குச்சி கொடுத்தால் 23 என்று எழுதுவாள். முப்பத்தாறு கொடுத்தால் 116. திரும்பத் திரும்பச் சொல்லித் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் அம்மா வேலை முடிந்து நேராக வந்தாள். விரலெல்லாம் முள் கீறல்.

"ஸ்கூல் மிஸ் சொல்லிட்டாங்கக்கா. திங்கக்கிழமைலேர்ந்து ஒண்ணாவது புள்ளைங்களோட உக்கார வெக்கறாங்களாம். இவ தம்பி அங்கதான் படிக்கிறான். இவ அங்க போமாட்டாளாம்."

"ஸ்கூலுக்கே போமாட்டேன்னு சொன்னேன்" என்றாள் பெண், தலை நிமிராமல்.

"போவாட்டி என்கூட ஷெட்டுக்கு வா. முள்ளு எடு."

கோபமாகச் சொல்லவில்லை. அசதியில் சொன்னாள். அதனாலேயே எனக்குப் பயமாக இருந்தது. அப்படிச் சொல்வதுதான் நடந்துவிடும்.

பாயில் கிடந்த கட்டுகளில் ஒன்றை அம்மா கையில் எடுத்தாள்.

"யாரு கட்டுனது?"

"நான்தான்" என்றாள் பெண்.

"அடியெல்லாம் மட்டமா தட்டிக் கட்டியிருக்கியே." விரலால் எண்ணிப் பார்த்தாள். "இருபதும் கரெக்டா இருக்கு. எங்க மேஸ்திரி பாத்தா இன்னைக்கே வேலைக்குச் சேத்துக்குவாரு."

"இருபதா?" என்றேன்.

"ஷெட்டுல ஒரு கட்டு, பன்ச்சுன்னா இருபதுதானக்கா."

பெண் லீவு நாளெல்லாம் ஷெட்டில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். பத்துப் பத்தாகக் கட்ட வேண்டும் என்று மற்றவர்களுக்கு ஆரம்பத்தில் சொன்னது. பிறகு வந்த இவளுக்கு யாரும் சொல்லவில்லை. நாற்பத்து மூன்றில் இரண்டு கட்டு, மிச்சம் மூன்று. முப்பத்தாறில் ஒரு கட்டு, மிச்சம் பதினாறு. அவள் கணக்கில் அவள் தப்பே பண்ணவில்லை.

"இங்க பத்துக்கு ஒரு கட்டு, பாப்பா."

"பத்துப் பூவுக்கு யாரு மிஸ் கட்டுவாங்க?"

"பூவுக்கு இல்ல. கணக்குக்கு நாமதான் கட்டுறோம்."

"ரப்பர் பேண்டு ரெண்டு பங்கு ஆவுமே."

ஆகும்தான். ஒவ்வொரு கட்டையும் பிரித்து இரண்டாக்கச் சொன்னேன். மனசே இல்லாமல் பிரித்தாள். நாலு கட்டு, மூன்று குச்சி. 43 என்று எழுதிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் முப்பத்தாறு, ஐம்பத்திரண்டு. அம்மா சுவரில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள்.

திங்கட்கிழமை காலை பள்ளிக்கூட வாசலில் அந்த மிஸ்ஸுக்காக நின்றேன். என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது, அவர் வண்டியை நிறுத்தியதும் மறந்துபோயிற்று. பையிலிருந்து குச்சிக் கட்டை எடுத்து நீட்டினேன்.

"மூணாவதுல அந்தப் பொண்ணு இருபது இருபதா கட்டிட்டா, மிஸ். பத்துன்னு சொன்னா சரியா வருது."

மூன்று வகுப்பை ஒரே அறையில் வைத்துக்கொண்டு பாடம் நடத்துகிறவர். கட்டை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சரி, அங்கயே உக்காரட்டும். நான் பாக்குறேன்" என்றார்.

அன்று சாயங்காலம் பெண் வந்ததும் கேட்டேன். "எங்க உக்காந்த?"

"என் எடத்துலதான்."

சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அதைவிட, கொஞ்சம் படுத்தால் போதும் போலிருந்தது. அவள் உள்ளங்கையை விரித்து ஒரு பிடி ரப்பர் பேண்டைப் பாயில் போட்டாள். அம்மா ஷெட்டில் பொறுக்கியதாம். பிறகு நான் சொல்லாமலேயே குச்சிகளை எண்ண ஆரம்பித்தாள். பத்து வந்ததும் கை தானாகப் பதினொன்றாவது குச்சிக்குப் போயிற்று. நின்றது. ரப்பர் பேண்டை இழுத்து மாட்டினாள்.