ஆள் சேர்க்கப் போன கீதாஞ்சலி

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸுக்குப் பக்கத்தில் மாடியில் கடை பிடித்ததுதான் தான் செய்த முதல் தப்பு என்று கீதாஞ்சலி இன்றைக்கும் சொல்வாள். இடத்தைக் குறை சொல்ல முடியாது. பஸ் நிற்கும், டீக்கடை உண்டு, ஆள் நடமாட்டத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் திங்கட்கிழமை விடிந்தால் மனு கொடுக்க வரும் மாவட்டத்துச் சனத்தில் பாதி அவளுடைய படியைத்தான் ஏறும். 'கீதாஞ்சலி மேன்பவர் சர்வீஸ்' என்று கொட்டை எழுத்தில் போர்டு மாட்டியிருந்தாள். அதை ஒருத்தரும் படிக்கவில்லை. உள்ளே மேஜை, கம்ப்யூட்டர், பிரிண்டர் இருப்பதைப் பார்த்தார்கள். அவர்களுக்கு அது போதும்.

"பட்டா மாத்தணும்மா, ஒரு மனு எழுதிக் குடு."

"இங்க மனு எழுதறதில்லைங்க. கம்பெனிங்களுக்கு வேலைக்கு ஆள் எடுத்துக் குடுக்கறோம்."

"அது கெடக்குது. பிரிண்டர வெச்சிகினு சும்மாதானே உக்காந்துனு இருக்க?"

சும்மாதான் உட்கார்ந்திருந்தாள். அதுதான் அவளுக்கு எரிச்சல்.

இத்தனைக்கும் தொழில் தெரியாமல் இறங்கியவள் இல்லை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஹெச்.ஆர். பிரிவில் வருஷக்கணக்கில் குப்பை கொட்டியவள். ஆள் எடுப்பது, அடையாள அட்டை போடுவது, லீவு கேட்டு வருகிறவனிடம் இல்லை என்று சொல்வது எல்லாம் அவள் தலையில்தான். திட்டு வாங்குவதும் அவள்தான். மேனேஜர் காலையில் எந்த மூஞ்சியோடு வருகிறார் என்று பார்த்துப் பார்த்தே இளமை போய்விடும் போலிருந்தது. ஒருநாள் வேலையை விட்டுவிட்டு கீழ்பென்னாத்தூருக்கு வந்து, "இனிமே எவன்கிட்டயும் கைகட்டி நிக்க மாட்டேம்பா" என்று அறிவித்தாள். அப்பா ராமகிருஷ்ணன் மல்லாட்டைச் செடியிலிருந்து வேர்க்கடலையை ஆய்ந்துகொண்டிருந்தார். "சரி, சாப்ட்டுட்டுப் போய் படு" என்றார். அவருக்கு அதற்கு மேல் பேசத் தெரியாது.

தொழில் ஆரம்பித்த பிறகுதான் ஊர் எப்படிப்பட்டது என்று தெரிந்தது. கம்பெனிகள் ஆள் கேட்டன. இங்கே படித்துவிட்டு வேலையில்லாத பிள்ளைகள் தெருவுக்குத் தெரு இருந்தார்கள். இரண்டையும் சேர்த்து வைத்தால் முடிந்தது என்று நினைத்திருந்தாள். அடி அண்ணாமலையிலிருந்து வந்த பையன்கள் சம்பளம் எவ்வளவு என்று கேட்கவில்லை, எந்த ஷிஃப்ட் என்று கேட்கவில்லை. "பௌர்ணமிக்கு லீவு உண்டா மேடம்?" என்று கேட்டார்கள். அன்றைக்குக் கிரிவலப் பாதையில் வீட்டுக்கு ஒரு கடை போடுவார்கள். அதை விட்டுவிட்டு எந்தக் கம்பெனிக்கும் வரமாட்டார்கள். இதைக் கம்பெனிக்காரர்களிடம் சொன்னால், அமாவாசைக்கும் சேர்த்து வேண்டுமா என்று கேட்டுச் சிரித்தார்கள். ஒரு தகப்பன், "வேல வாங்கித் தரதுக்குக் காசே வேணான்ற. அப்போ அது இன்னா வேலயா இருக்கும்?" என்று சந்தேகத்தோடு பையனை இழுத்துக்கொண்டு போனார். வேலைக்கு அனுப்புகிறவர்களிடம் காசு வாங்குவதில்லை, கம்பெனியிடம்தான் வாங்குவேன் என்று அவள் படித்துப் படித்துச் சொன்னாள். காசு வாங்கியிருந்தால் கும்பிட்டிருப்பார்கள்.

இப்படி மண்டை காய்ந்து கிடந்த நேரத்தில்தான் அன்பரசன் கூப்பிட்டார். பழைய வேலையில் பழக்கமானவர். இப்போது அதே ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செல்போன் உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் ஹெச்.ஆர். அதிகாரி.

"பொண்ணுங்க வேணும் மேடம். ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் கம்பெனி பாத்துக்கும். ஒரு வேன் நிறைய கூட்டிட்டு வந்து சேருங்க. வருஷம் பூரா ஆர்டர் உங்களுக்குத்தான். தவறிடுச்சுன்னா வேற ஏஜென்சிக்குக் குடுத்துடுவாங்க, அப்புறம் நான் ஒண்ணும் பண்ண முடியாது."

இந்த வேன் நிறைந்தால் போர்டு மாடியில் நிற்கும். நிறையாவிட்டால் போர்டைக் கழற்றிவிட்டு, பழையபடி யாராவது ஒரு மேனேஜரின் மூஞ்சியைப் பார்க்கப் போகவேண்டியதுதான். கீதாஞ்சலிக்கு அது தெளிவாகத் தெரிந்தது.

கீழ்பென்னாத்தூரைச் சுற்றியிருந்த ஊர்களில் வீடு வீடாக ஏறி இறங்கினாள். செருப்பு தேய்ந்தது. தொண்டை கட்டிக்கொண்டது. ஒரு வீட்டுப் பெண் மட்டும் அவள் தேடிப் போகும் முன்னரே போன் செய்தாள். பெயர் பொன்னி. கணக்கில் பட்டம் வாங்கிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தாள். பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காபி கொடுப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. "அக்கா, என் பேர எழுதிக்குங்க. எங்க மாமா ஒத்துக்கினா போதும், ஊர்ல மத்தவங்களும் அனுப்பிடுவாங்க" என்றாள். அப்பா இல்லாத வீடு. அம்மா அன்புச்செல்வி, உலையில் அரிசி போடுவதைக்கூடத் தம்பி கண்ணாயிரத்தைக் கேட்டுத்தான் போடுவாள். அந்தத் தாய்மாமனிடம் கீதாஞ்சலி கம்பெனியின் கதையை முதலிலிருந்து கடைசி வரை பலமுறை ஒப்பித்தாள். கடைசியில் அவர் மீசையைத் தடவிக்கொண்டு, "சரி, பாக்கலாம்" என்றார். பொன்னி சொன்னபடியே மற்ற வீடுகளும் தலையாட்டின.

புறப்படுகிற காலையில் கீழ்பென்னாத்தூர் பஸ் நிலையத்துக்கு வந்த கீதாஞ்சலிக்குத் தலை சுற்றியது. பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள், பையும் பக்கெட்டும் தலையணையுமாக. அதுவரை சரி. அவர்களுக்குப் பின்னால் அம்மாக்கள், அத்தைகள், சித்தப்பாக்கள், தாய்மாமன்கள் எல்லோரும் வெள்ளை வேட்டியும் பட்டுக்கரைப் புடவையுமாக நின்றார்கள். தட்டில் தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை. கண்ணாயிரத்தின் கையில் வறுத்த மல்லாட்டை ஒரு பை.

"இது இன்னாங்கண்ணா?"

"கம்பெனில பெரியவருன்னு ஒருத்தர் இருப்பாரு இல்ல, அவுருக்கு. வெறுங்கையோட போனா நல்லா இருக்குமா?"

"நீங்க எங்க போறீங்க? வேன்ல எடமே இல்லையே."

"அதெல்லாம் உனக்குக் கஷ்டம் வெக்கல. எங்களுக்கு இன்னொரு வேன் பேசிட்டோம். பொண்ண வுடப்போற எடத்தப் பாக்காம வுடுவாங்களா?"

வேலைக்குத்தான் போகிறார்கள், சம்பந்தம் பேசப் போகவில்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். இப்போது வாயைத் திறந்தால் ஒரு பெண்ணும் ஏறமாட்டாள். ஆக இரண்டு வேன்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின. பின்னால் வந்த வேனில் பாட்டு, முன்னால் போன வேனில் கீதாஞ்சலியின் தலைவலி.

கம்பெனி கேட்டில் அவள் பயந்தது அப்படியே நடந்தது. பட்டியலில் பெயர் இருக்கிறவர்கள் மட்டும்தான் உள்ளே என்று காவலாளி கையை நீட்டித் தடுத்துவிட்டார். உறவுக்கூட்டம் ரோட்டோரத்தில் வெயிலில் நின்றது. நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. தட்டில் வாழைப்பழம் கறுக்க ஆரம்பித்தது. கண்ணாயிரத்தின் முகம் அதற்கு முன்பே கறுத்துவிட்டது.

"இவ்ளோ தூரம் வந்திருக்கோம். வாங்கன்னு சொல்ல ஒரு ஆள் இல்ல. குடிக்கத் தண்ணி இல்ல. வாசல்லயே இப்படின்னா உள்ள எப்படி இருக்கும்? பொண்ணுங்களா, வண்டில ஏறுங்க."

கீதாஞ்சலி அன்பரசனுக்குப் போன் மேல் போன் போட்டாள். அவர் அரக்கப் பரக்க வெளியே வந்து கூட்டத்தைப் பார்த்தார். "என்ன மேடம், கல்யாணமா?" என்றார். அவரைக் கடித்துக் குதறலாம் போலிருந்தது. கெஞ்சினாள். யாரிடமும் கைகட்டி நிற்கமாட்டேன் என்றவள், நடுரோட்டில் வெயிலில் கைகட்டாத குறையாக நின்றாள். கடைசியில் இரண்டு பேர் மட்டும் ஹாஸ்டலைப் பார்த்துவிட்டு வரலாம் என்று அனுமதி கிடைத்தது. எந்த இரண்டு பேர் என்பதில் தாய்மாமன்களுக்குள் தகராறு வந்து, ஒரு வழியாகக் கண்ணாயிரமும் அன்புச்செல்வியும் போனார்கள்.

திரும்பி வந்த கண்ணாயிரம் தீர்ப்பு சொன்னார்.

"கட்டடம் நல்லா இருக்குது. சோறு தின்னு பாத்தேன், பரவால்ல. ஆனா பொண்ணுங்களுக்குப் பெரியவங்கன்னு சொல்ல ஒரு பொம்பள இல்ல. செவுத்துல கேமராதான் இருக்குது. ஒடம்பு சரியில்லன்னா கேமராவா கஷாயம் வெச்சிக் குடுக்கும்?"

"வார்டன் போன மாசம்தான் வேலைய விட்டுப் போனாங்க. ஆள் தேடிட்டுதான் இருக்கோம்" என்றார் அன்பரசன்.

கண்ணாயிரம் அவரைப் பார்க்கவே இல்லை. கீதாஞ்சலியைப் பார்த்தார்.

"ஏம்மா, எங்க வூட்ல உக்காந்து இன்னா சொன்ன? 'ஒண்ணும் கவலப்படாதீங்க, உங்க பொண்ண நான் பாத்துக்கறேன்'னு சொன்னியா இல்லியா?"

சொன்னாள்தான். எல்லா வீட்டிலும் சொன்னாள். யார் சொல்லமாட்டார்கள்? ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொல்கிறாள், பஸ்ஸில் கண்டக்டர் சொல்கிறார். பேச்சுக்குச் சொல்கிற அந்த வார்த்தையை ஒரு ஊரே வாக்காக எடுத்துக்கொண்டு வேன் ஏறி வரும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

"நீ எங்க பக்கத்துப் பொண்ணு. உங்க அப்பாவ எனக்குத் தெரியும். நீ இங்க கூட இருக்கறதா இருந்தா வுட்டுட்டுப் போறோம். பொண்ணுங்க எவ்ளோ நாள் இருக்குதோ அவ்ளோ நாள். இல்லன்னா கூட்டிகினு போறோம், தப்பா நெனச்சிக்காத."

அன்பரசனின் முகத்தில் விளக்கு எரிந்தது. "மேடம், உங்களுக்குதான் ஹெச்.ஆர். அனுபவமே இருக்கே. ஜாஸ்தி யோசிக்காதீங்க. வார்டனா இன்னைக்கே சேந்துடுங்க. சம்பளம் உக்காந்து பேசிக்கலாம்."

"எனக்கு அங்க ஆபீஸ் இருக்கு சார்."

"ஆபீஸு எங்க போவுது? பூட்டினாப் போச்சு" என்றார் கண்ணாயிரம்.

அவ்வளவுதான், கீதாஞ்சலிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நான் தொழில் பண்ண வந்தேங்கண்ணா. ஹாஸ்டல்ல காவல் இருக்க வர்ல. அந்த வேலையே வேணாம்னுதான் எல்லாத்தயும் விட்டுட்டு வந்தேன். உங்களுக்கு என் கஷ்டம் ஒண்ணுமே புரியலயா?" என்று ரோடே திரும்பிப் பார்க்கிற மாதிரி கேட்டாள். அவர் கோபப்படவில்லை. அவள் சொன்னதை மதித்தவர் போலத் தலையாட்டிவிட்டு, பெண்களைப் பார்த்து வேனைக் காட்டினார். பெண்கள் பக்கெட்டைத் தூக்கினார்கள்.

பொன்னி மட்டும் தூக்கவில்லை. பையின் மேல் உட்கார்ந்திருந்தாள். அழுதிருந்தால் கீதாஞ்சலி திட்டியிருப்பாள். கெஞ்சியிருந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பாள். பொன்னி இரண்டும் செய்யவில்லை.

"இன்னொரு வாட்டி எங்க மாமா ஒத்துக்க மாட்டாருக்கா" என்றாள்.

அந்தப் பெண் சொன்னது உண்மை. தனக்கும் இன்னொரு வாட்டி கிடையாது என்பதும் கீதாஞ்சலிக்குத் தெரியும். பெண்கள் திரும்பிப் போனால் ஆர்டர் போய்விடும், ஆர்டர் போனால் ஆபீஸ் போய்விடும். பெண்கள் தங்கினால் ஆர்டர் நிலைக்கும், ஆனால் ஆபீஸில் உட்கார அவள் இருக்கமாட்டாள். எந்தப் பக்கம் போனாலும் வேங்கிக்கால் மாடிக்குப் பூட்டுதான். அதில் ஒரு பக்கத்தில் மட்டும் பொன்னிக்கு வேலை இருந்தது.

"சரிங்கண்ணா, இருக்கேன்" என்றாள்.

அதன் பிறகு எல்லோருக்கும் சந்தோஷம் வந்துவிட்டது. அம்மாக்கள் அவள் தலையில் பூவை வைத்தார்கள். கண்ணாயிரம், பெரியவருக்கென்று கொண்டுவந்த மல்லாட்டைப் பையை அவள் கையில் கொடுத்து, "நீ இருக்கறப்போ எங்களுக்கு இன்னா கவல. சோறு எப்படிப் போடறாங்கன்னு பாத்து போன் பண்ணு" என்றார். வேன்கள் இரண்டும் பாட்டோடு திரும்பிப் போயின.

கேட்டில் காவலாளி அவளைப் பார்த்து, "ஏஜென்சி ஆளா இருந்தா இந்தப் பக்கம் கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க மேடம். வேலைக்குச் சேர்றவங்க அந்த வரிசை" என்றார். கீதாஞ்சலி இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு போய் வரிசையின் கடைசியில் பொன்னிக்குப் பின்னால் நின்றாள். பொன்னி திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். கீதாஞ்சலிக்குச் சிரிப்பு வரவில்லை. மாற்றுத் துணி கூட எடுத்து வரவில்லையே என்ற கோபம்தான் வந்தது.