கடைசி ஆளுக்கும் தட்டு வந்த பிறகு

எவரிஸ்தோ யடாகோ பஸ்ஸைவிட்டு இறங்கியதும் உட்கார மாட்டார். நெடுஞ்சாலை ஓரத்து எங்கள் சிஃபாவுக்குள், அதாவது சீனச் சாப்பாட்டுக் கடைக்குள், வந்து மேஜை மேஜையாகச் சுற்றுவார். விரலை மடக்கி மடக்கித் தலைகளை எண்ணுவார். அப்புறம் கழிப்பறைக் கதவைத் தட்டி, "உள்ள யாரு? அவசரமில்ல, நிதானமா வாங்க" என்பார். உள்ளே இருப்பவருக்கு வருவதும் நின்றுவிடும்.

அவர் டிரைவர் இல்லை, இப்போது இல்லை. ஈக்காவிலிருந்து லீமா சந்தைக்கு வாராவாரம் பட்டர் பீன்ஸ் மூட்டை கொண்டுபோகிற பயணி. கழுத்துப் பொத்தான்வரை போட்ட சட்டை, ஒட்டிய கன்னம். கதவோரத்து நாற்காலியின் நுனியில்தான் உட்காருவார்.

டிரைவராக இருந்தபோது ஆளே வேறு. வாசலில் பஸ்ஸை நிறுத்துகிற டிரைவருக்கு எங்கள் கடையில் சாப்பாடு இலவசம், திரை போட்ட தனி அறை, முதல் தட்டும் அவருக்கே. இந்தச் சாலையில் எல்லாச் சீனச் சாப்பாட்டுக் கடையிலும் இதுதான் வழக்கம். சோறும் நூடுல்ஸும் சேர்த்து வதக்கிய அயிட்டத்துக்கு இங்கே 'விமான நிலையம்' என்று பெயர். யடாகோவுக்கு அது மலை மாதிரி வர வேண்டும். "அக்கா, உன் விமான நிலையத்துல இன்னும் ரெண்டு விமானம் எறங்கலாம், அள்ளிப் போடு!" என்று திரைக்குள்ளிருந்து கத்துவார். வாணலியைப் புரட்டும் முதலாளி மௌரா சியூ அக்கா, "வயிறா அது, பஸ் டிக்கியா?" என்று திருப்பிக் கொடுப்பார். கல்லாவில் இருக்கும் எனக்குச் சிரிப்பு தாங்காது.

ஒரு மூடுபனி நாளில் மூலை மேஜையில் வயதான அம்மாள் ஒருவர், கறி பொதிந்த மாவு உருண்டைகள் மிதக்கும் வான்டான் சூப் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். டிரைவர் தட்டு முதலில் போனது, சூப் கடைசியில் வந்தது. அதற்குள் யடாகோ பல் குத்திக்கொண்டே பஸ்ஸில் ஏறிவிட்டார். "எல்லாரும் ஏறியாச்சா?" என்று கேட்கவும் செய்தார். "ஏறியாச்சு, கிளம்புங்க டிரைவரே!" என்று பஸ்ஸே கத்தியது. ஏறி உட்கார்ந்தவனுக்குக் கீழே நிற்கிறவன் ஞாபகம் எப்போது இருந்திருக்கிறது? அம்மாள் கரண்டியைப் போட்டுவிட்டுச் சாலைக்கு ஓடினார். பனிக்குள் வந்த லாரிக்காரனுக்கு அவர் தெரியவில்லை.

வழக்கு யார்மேலும் நிற்கவில்லை. யடாகோ தாமாகவே வேலையை விட்டார்.

அதன்பிறகு எங்கள் கடையில் அவர் சாப்பிட்டதே இல்லை. கடைசி ஆளுக்கும் தட்டு வந்த பிறகுதான் சூப் சொல்வார். வெளியே ஹாரன் கேட்டால் போதும், துள்ளி எழுந்து மூலை மேஜையைப் பார்ப்பார். சூப் ஆறிப்போகும்.

"யோவ் எவரிஸ்தோ, நான் சூப்பு வைக்கிறது நீ வேடிக்கை பாக்கவா?" என்று அக்கா கத்துவார்.

"எல்லாரும் தின்னட்டும் அக்கா."

பார்க்கப் பாவமாக இருக்கும். எனக்கோ சில நாள் எரிச்சலாகவும் வரும்.

போன வாரம் மறுபடி மூடுபனி. கழிப்பறைக்குள் குழாயை யாரோ மூடாமல் போய்விட்டார்கள். ஆள் இருப்பதாக நினைத்து யடாகோ கதவோடு பேசிக்கொண்டிருந்தார்: "நிதானமா வாங்கம்மா. பஸ்ஸ நான் நிறுத்தி வைக்கிறேன்."

வாசலில் புது டிரைவர், "எல்லாரும் ஏறியாச்சா?" என்றான்.

"ஏறியாச்சு, கிளம்புங்க!"

நான் கல்லாவிலிருந்து கத்தியது பஸ்ஸுக்குக் கேட்கவில்லை. யடாகோ வெளியே ஓடினார். பின்னாலேயே ஓடி, தார் விளிம்பில் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தேன். பஸ்ஸின் சிவப்பு விளக்கு பனியில் கரைந்தது.

"விட்டுட்டுப் போயிட்டான்" என்றார்.

"போன் போடுறேன் மாமா. மூட்டை வேற உள்ள இருக்கே, திருப்பிக்கிட்டு வந்துருவான்."

"வேணாம்."

உள்ளே வந்தவர் கதவோரத்து நாற்காலிக்குப் போகவில்லை. மூலை மேஜையில், அந்த அம்மாள் இருந்த இடத்தில், நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"அக்கா, எனக்கொரு சூப்பு."

அக்கா கொண்டுவந்து வைத்தார். ஆவி பறந்தது. அடுத்த பஸ் வாசலுக்கு வந்து நீளமாக ஹாரன் அடித்தது. நான்தான் திடுக்கிட்டேன். அவர் நிமிரவில்லை. ஒரு வான்டானைக் கரண்டியில் எடுத்து, ஊதி, வாயில் போட்டுக்கொண்டார்.