புளியங்கொட்டை வைத்து அழைத்த விருந்து

அந்த வருஷம் ஆவணி மாதத்தில் என் அக்கா மகள் ஆரோக்கியம் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். கூழை வாயில் வைத்தால் துப்பினாள். மோரைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆறு வயது கூட ஆகாத குழந்தை. கை கால் குச்சியாகி, வயிறு மட்டும் உப்பிக் கிடந்தது. விட்டு விட்டு வருகிற குளிர்காய்ச்சல். எங்கள் ஊர் வத்தல்மலை அடிவாரம், அந்தக் காய்ச்சல் எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் அது 1943. சண்டைக் காலம். காய்ச்சலுக்குக் கொடுக்கிற கொயினா மருந்து எங்கேயும் கிடைக்கவில்லை.

தருமபுரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். மருந்து கொடுக்கிற கன்னியாஸ்திரி அம்மா குழந்தையின் வயிற்றை அழுத்திப் பார்த்தார். கண் இமையை இழுத்துப் பார்த்தார். பிறகு அக்காவை விட்டுவிட்டு என்னை மட்டும் வெளியே கூப்பிட்டார்.

"வயித்துல பெரிய கட்டி இருக்குது. உடம்புல ரத்தமே இல்ல. அது ஆசப்படறதக் குடுங்க" என்றார்.

அப்படி எப்போது சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன்தான். இதைப் புரிந்துகொள்ள நாலாம் வகுப்பு வேண்டியதில்லை.

என்னை உங்களில் பலருக்குத் தெரியும். பிரசங்கம் நடக்கும்போது பின்னால் உட்கார்ந்து பக்கத்து ஆளைச் சிரிக்க வைக்கிற சின்னப்பன் நான்தான். யாருக்காவது பட்டப்பெயர் வைக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. இன்றைக்கு நான் விளையாட வரவில்லை. ஆண்டவர் எனக்குச் செய்ததை உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன். நடுவில் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கு அழுகை வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பெயர் லூர்து. மாமா பட்டாளத்தில் சேர்ந்து பர்மாப் பக்கம் போனவர். முதலில் கடுதாசி வந்தது. பிறகு அதுவும் நின்றுபோனது. அக்கா கடலைக்காய் பிடுங்கக் கூலிக்குப் போவாள். நான் கல்யாணச் சமையலுக்கு அடுப்பு மூட்டி, அண்டா தூக்குகிறவன். அரிசியெல்லாம் அளந்து கொடுக்கிற கண்ட்ரோலில் போனபிறகு யார் பந்தி போடுகிறார்கள்? என் பிழைப்பும் படுத்துவிட்டது. கண்ட்ரோல் கடையில் கொடுத்த சோளத்தையும், இருந்த கேழ்வரகையும் வைத்து ஒரு வேளையைத் தள்ளினோம்.

மாதா பிறந்த நாளுக்குக் கோவிலில் கொடி ஏற்றியிருந்தார்கள். சாயங்கால செபத்துக்கு ஆரோக்கியத்தை, எங்கள் பாப்பாவை, தோளில் போட்டுக்கொண்டு போனேன். திரும்பி வரும்போது காதருகில் மெல்லக் கேட்டாள்.

"மாமா, சேசுவுக்குப் பொறந்த நாளு இருக்குது. மாதாவுக்கும் இருக்குது. எனக்கு இல்லியா?"

"உனக்கா? நீ எங்கடி பொறந்த? சந்தையில ஒரு பூசணிக்கா வாங்கியாந்தோம். வூட்டுக்கு வந்ததும் அது அழுவ ஆரம்பிச்சிருச்சு."

"பொய்யி. மாதா பொறந்த நாளுக்கு மறுநாளு நான் பொறந்தன்னு அம்மா சொல்லுச்சு."

"அப்படின்னா நீ மாதாவுக்குத் தங்கச்சி. வணக்கங்க, சின்ன மாதா."

என் தோளில் தாடையை ஊன்றிக்கொண்டாள். யோசிக்கிறாள் என்று தெரிந்தது.

"தங்கச்சிக்கும் சோறு போடணுமில்ல? நெல்லுச்சோறு. எல்லாரும் வரணும். எல்லாரும் உக்காந்து தின்னா நானும் திம்பேன்."

எங்கள் வீடுகளில் குழந்தைக்குப் பிறந்த நாள் கொண்டாடுகிற வழக்கம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஆனால் 'நானும் திம்பேன்' என்று அவள் வாயால் சொல்லிவிட்டாள். அக்காவிடம் சொன்னேன். அவள் என்னை முறைத்தாள்.

"நெல்லுக்கு எங்கடா போவ? கேவுரு மாவே பானையில அடி தட்டுது. நீ ஒருத்தன், அவகிட்டப் போயி ஆசயக் கெளப்பி வுட்டுட்டு."

"நான் கெளப்பலக்கா. அவளாத்தான் கேட்டா. கன்னியாஸ்திரி அம்மாவும்…"

அங்கே நிறுத்திவிட்டேன். அக்காவுக்குப் புரிந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

எங்கள் பக்கத்தில் விசேஷத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்துத்தான் அழைப்பது. பாக்கைக் கையில் வாங்கிவிட்டால் கட்டாயம் போயாக வேண்டும். பாப்பாவுக்கும் அது தெரியும். பாக்கு வைத்துத்தான் கூப்பிட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். வெற்றிலைக்கு எங்கே போக? பூவரச இலையைப் பறித்தேன். புளியங்கொட்டையைப் பொறுக்கினேன். அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போனேன். இலையில் கொட்டையை வைத்து அவளே நீட்டினாள். "எம் பொறந்த நாளு. வூட்டோட வந்துருங்க" என்று பெரிய மனுஷி மாதிரி சொன்னாள்.

ஊரும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டது. எதிர்வீட்டு ஞானப்பன், "மொய் வெக்கணுமா பாப்பா, இல்ல தின்னுட்டு ஓடிரலாமா?" என்றான்.

"நீ பாத்திரங் கழுவிட்டுப் போ" என்றாள் பாப்பா. நான் சிரித்த சிரிப்பில் அவளை நழுவவிடப் பார்த்தேன்.

கோவில் பக்கத்துப் புளியமரத்தடியில் மலைமேலிருந்து வந்த சடையனும் அவன் பெண்சாதியும் சந்தைக்குப் போகிற வழியில் சுமையை இறக்கி உட்கார்ந்திருந்தார்கள். சீமாறும் நெல்லிக்காயும் விற்க வருகிறவர்கள். அவர்களுக்கும் வைக்க வேண்டும் என்றாள் பாப்பா. சடையன் சிரிக்கவில்லை. தலைத்துண்டை அவிழ்த்தான். எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கினான்.

"எந்த நாளுங்க?" என்று என்னைக் கேட்டான்.

"மாதா பொறந்த நாளுக்கு மறுநாளு. ஒறமொறயோட வந்துருங்க. பெரிய பந்தி" என்று கண்ணடித்தேன்.

"வந்தர்றமுங்க" என்று அந்த இலையை மடித்துத் துண்டின் முனையில் முடிந்துகொண்டான்.

வழியெல்லாம் எனக்குச் சிரிப்பு. "மலைக்காரர ஏமாத்திப்புட்டோம்டி" என்றேன்.

"ஏமாத்தல மாமா. கூப்புட்டோம்" என்றாள்.

மாதா திருநாள் முடிந்தது. மறுநாள் விடிந்தது. பாப்பா முந்தின நாளிலிருந்து தண்ணீரைத் தவிர எதுவும் வாயில் வைக்கவில்லை. அவளை வாசற்படி அருகே பாயில் படுக்க வைத்திருந்தோம். அரிசிக்கு நான் போகாத இடமில்லை. நான் கல்யாணச் சமையலுக்கு அடுப்பு மூட்டின வீடுகளிலெல்லாம் கேட்டேன். எல்லா வீட்டிலும் அதே பஞ்சம்தான். யாரைக் குறை சொல்ல?

வெயில் ஏறினதும் தெருப் பிள்ளைகள் வந்தார்கள். ஆளுக்கொரு இலையோடு வந்து எங்கள் வாசலில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். இது விளையாட்டு என்று எந்தத் தாயும் பிள்ளைக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னடா செய்யப் போற? சொல்லு, என்ன செய்யப் போற?"

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அண்டாவை இரவல் வாங்கி வந்தேன். வாசலில் மூன்று கல்லைக் கூட்டினேன். அண்டா நிறையத் தண்ணீர் ஊற்றி அடுப்பை மூட்டினேன். புகை வந்ததும் பாப்பா தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"மாமா, சோறு வேவுதா?"

"வேவுது, வேவுது. பெரிய பந்தியில்ல, நேரமாவும்."

வெறும் தண்ணீர் கொதித்தது. நான் கரண்டியை வைத்துக் கிளறினேன். கிளற ஒன்றும் இல்லை. பிள்ளைகள் அண்டாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் வாழ்க்கையில் அப்படி ஒரு வெட்கம் நான் பட்டதில்லை. விறகு எடுத்துவருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கோவிலுக்குள் ஓடினேன்.

உள்ளே யாரும் இல்லை. முழங்கால் போடக்கூட எனக்குத் தோன்றவில்லை. நின்றபடியே சொன்னேன். "சாமி, எல்லார்கிட்டயும் வெளையாடறவன் நான். நீங்களும் என்கிட்ட வெளையாடாதீங்க. அந்தப் புள்ள வாசல்ல படுத்துக்கிட்டு அண்டாவப் பாக்குது. இன்னைக்கு ஒரு நாளு அது சாப்புடணும். இன்னைக்கு மட்டும் போதும். வேற ஒண்ணுமே கேக்கல." படித்த செபம் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. மாதா சுரூபத்தின் பாதத்தில் தலையை முட்டிக்கொண்டு அழுதேன்.

வெளியே நாய்கள் குரைத்தன.

வந்து பார்த்தேன். மலைப்பாதையிலிருந்து ஒரு வரிசை ஆட்கள் எங்கள் தெருவுக்குள் இறங்கிவந்துகொண்டிருந்தார்கள். முன்னால் சடையன். பின்னால் அவன் பெண்சாதி. அதற்குப் பின்னால் அண்ணன் தம்பிகள், அவர்கள் வீட்டுப் பெண்கள், பிள்ளைகள். எல்லார் தலையிலும் மூட்டை. எங்கள் வாசலுக்கு வந்து ஒவ்வொன்றாக இறக்கினார்கள். குத்திப் புடைத்த புதுச் சாமை. அவரைக்காய். பூசணிக்காய். சுரைக்குடுக்கையில் தேன்.

நான் மூட்டைகளை எண்ணிக்கொண்டு நின்றேன். சடையன்தான் பேசினான்.

"கொஞ்சம் நேரமாயிருச்சுங்க. விடியுமுன்னயே எறங்கிட்டம், புள்ளைங்க நடக்கோணுமில்ல. கொழந்தை விசேசத்துக்குப் பாக்கு வாங்குனா எங்க மலையில வெறுங்கையோட போவமாட்டமுங்க. புதுச் சாமையில மொத மூட்ட கூப்புட்ட வூட்டுக்குத்தான்."

"இத்தன பேரா?" என்றாள் அக்கா.

"நீங்கதான ஒறமொறயோட வரச் சொன்னீங்க? பாக்கு ஒண்ணுதான் இருந்துச்சு. அதயே எல்லா வூட்டுக்கும் காட்டிக் கூப்புட்டங்க."

எனக்குத் தாங்கவில்லை. "அண்ணா, அது பாக்கில்லீங்க. புளியங்கொட்டைங்க. நான் வெளையாட்டுக்கு…"

"தெரியாதுங்களா? நாங்க பாக்காத புளியங்கொட்டயா?" என்றான். பிறகு குரலைத் தணித்தான். "அத வாங்கறப்ப பாப்பா கையி நெருப்பாச் சுட்டுச்சுங்க. அந்தக் கைய நீட்டி வான்னு கூப்புடுதே, வராம எப்பிடிங்க இருக்கறது?"

உலை கொதித்துக்கொண்டுதான் இருந்தது. சாமையைக் களைந்து போட்டேன். மலைப்பெண்கள் அவரையையும் பூசணியையும் அரிந்து குழம்பு கூட்டினார்கள். அக்கா உப்பும் புளியும் எடுத்துவந்தாள். ஞானப்பன் சொல்லாமலே வந்து தண்ணீர் சேந்தினான். சாமைச்சோறு வெள்ளை வெளேரென்று பொங்கி வந்தது. தெருப் பிள்ளைகளும் மலைப் பிள்ளைகளும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள்.

சடையன் பெண்சாதி பாப்பாவை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். சோற்றில் தேனை விட்டுப் பிசைந்தாள். பாப்பா பந்தியை ஒருமுறை முழுக்கப் பார்த்தாள். எல்லாரும் தின்கிறார்களா என்று பார்த்தாள்.

"நெல்லுச்சோறா மாமா?"

"ஆமாண்டி. மலை நெல்லு. பொடிசா இருக்கும், உன்னாட்டம்."

வாயைத் திறந்தாள். சாப்பிட்டாள். துப்பவில்லை. விழுங்கினாள். மறுபடியும் வாயைத் திறந்தாள். "இன்னும் தேனு" என்று கேட்டாள். அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் அண்டாவுக்குப் பின்னால் போய்ப் புகையில் நின்றுகொண்டேன். புகையில் நின்றால் கண்ணீரைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள்.

இதோடு நிறுத்திவிட்டால் எனக்கும் சுகம், கேட்கிற உங்களுக்கும் சுகம். ஆனால் சாட்சி என்றால் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

அதற்குப் பிறகு சில நாள் காய்ச்சல் வரவில்லை. மிச்சமிருந்த சாமையைக் கஞ்சி வைத்துக் குடித்தாள். எனக்கு 'எலி மாமா' என்று பட்டப்பெயர் வைத்தாள். அவள் பிழைத்துவிட்டாள் என்றே நாங்கள் நம்பினோம். பிறகு குளிர் திரும்பவும் வந்தது. செபமாலை மாதமான அக்டோபரில், ஒரு விடியற்காலை, அக்கா மடியிலேயே அடங்கிப்போனாள். குழியில் இறக்கும்போது அவ்வளவு லேசாக இருந்தாள்.

அடக்கம் முடிந்து வந்தபிறகு அக்கா என்னிடம் கேட்டாள். கோவிலில் நான் என்ன வேண்டினேன் என்பதை ஏற்கெனவே அவளிடம் சொல்லியிருந்தேன்.

"ஒரு நாளுக்கு மட்டும் ஏண்டா கேட்ட?"

அவ்வளவுதான் கேட்டாள். அந்தக் கேள்வி இன்றைக்கும் என்னை விடவில்லை. அவள் கோவிலுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். சமைப்பதையும் நிறுத்திவிட்டாள். அப்போது சேதி கேட்டு மலையிலிருந்து சடையன் பெண்சாதி தனியாக இறங்கி வந்தாள். சாவு வீட்டில் அடுப்பெரியாது என்று சோறு ஆக்கிக் கட்டி எடுத்து வந்திருந்தாள். ஆறுதல் என்று ஒரு வார்த்தையும் சொல்லத் தெரியவில்லை அவளுக்கு. பக்கத்தில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்து அக்கா வாயருகில் கொண்டுபோனாள். அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வாயைத் திறந்தாள். எங்கள் வீட்டுக்குள் ஆண்டவர் வந்ததை நான் இரண்டு தடவை கண்ணால் பார்த்தேன் என்பது என் விசுவாசம். இது இரண்டாவது தடவை.

அடுத்த ஞாயிறு அக்கா பூசைக்கு வந்தாள். அழுதுகொண்டேதான் வந்தாள். ஆனால் வந்தாள்.

சண்டை முடிந்துவிட்டது. மாமா திரும்பவில்லை. ஒவ்வொரு வருஷமும் மாதா திருநாளுக்கு மறுநாள் நாங்கள் பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறோம். மலைக்காரர்கள் வருகிறார்கள். கஷ்டப்பட்ட வீட்டில் குழந்தைக்கு ஒரு விசேஷம் என்றால் நான் கூப்பிடாமலே போய் அடுப்பு மூட்டுகிறேன். சும்மாதான். முன்பெல்லாம் ஆளைச் சிரிக்க வைப்பதற்குத்தான் பக்கத்தில் போவேன். இப்போது சாப்பிட்டார்களா என்றும் பார்க்கிறேன்.

ஆண்டவர் அவளை ஏன் எடுத்துக்கொண்டார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவன் மாதிரி உங்களிடம் பேசமாட்டேன். கேட்டதைக் கொடுத்தார், அது எனக்குத் தெரியும். வெறும் தண்ணீர் கொதிக்கிற அண்டாவை விட்டு ஓடிவந்துதான் கேட்டேன். நான் கோவிலை விட்டு வெளியே வருவதற்குள் கொடுத்தார். அவருக்குத் தோத்திரம்.

அதனால் உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் நோயாளி இருந்தால், பானை காலியாக இருந்தால், கூசாமல் அவரிடம் போங்கள். செபம் தெரியாவிட்டால் பரவாயில்லை, நின்றபடியே பேசுங்கள். ஆனால் நான் கேட்டது மாதிரி பயந்து பயந்து கேட்காதீர்கள். இன்றைக்கு மட்டும் போதும் என்று சொல்லாதீர்கள். நிறையக் கேளுங்கள்.