தவிட்டுப் பிள்ளையின் பேத்திக்கு ஒரு பெயர்

சிரம்பானிலிருந்து மகன் அழைத்து, பேத்திக்குப் பெயர் முடிவாகிவிட்டது என்றான். "ஃபே" என்றான். முழுப் பெயரைச் சொல் என்றேன். அதுதான் முழுப் பெயர் என்றான்.

வாழ்நாளெல்லாம் ரெம்பாவ் வட்டாரப் பள்ளிகளில் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். ஃபே என்பது தேவதைக்கு ஆங்கிலேயர் வைத்திருந்த பழைய சொல் என்று எனக்குத் தெரியும். மருமகளுக்கு அது எங்கே கிடைத்தது என்று மகன் சொல்லவில்லை. கைப்பேசியில் பெயர் தேடித் தரும் செயலி ஏதாவதாக இருக்கும் என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். அந்தச் செயலிகளில் உலகத்துப் பெயர்களுக்கெல்லாம் அழகு, ஒளி, இளவரசி என்பதைத் தாண்டி அர்த்தமே கிடையாது.

கோலா கிளாவாங்கில் இருக்கும் என் அக்காள், பிள்ளைக்குப் பேய் என்றா பெயர் வைக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாள். அந்த நகைச்சுவையைச் சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே சாயங்காலத்தில் தேய்த்துத் தீர்த்துவிட்டார்கள், அதனால் நான் தொடவில்லை. என்னுடையது படித்தவனின் ஆட்சேபம். அது இன்னும் தொல்லை பிடித்தது.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். இது அவர்களுக்கு இரண்டாவது குழந்தை. முதல் பையன் தங்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து, எல்லாரும் மடியில் வைத்துக் கொஞ்சி, அழகான பெயர் ஒன்றும் வைத்த பிறகு ஒரு விடியற்காலை போய்விட்டான். அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. பேசாமல் இருப்பதில் நாங்கள் எல்லாரும் கெட்டிக்காரர்கள். ஆனால் இந்தப் பிள்ளையாவது தங்க வேண்டுமே என்ற பயம் வீட்டுக்குள் எல்லாருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது.

அலமாரியிலிருந்து பெரிய அகராதியை இறக்கினேன். ஓய்வு பெற்றபின் அதைத் திறக்கவில்லை. பூச்சிகள் எனக்கு முன்பே பாதி படித்து முடித்திருந்தன. ஃபே என்ற சொல் பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. அதற்கும் மூலம் லத்தீன். அங்கே அதற்கு அர்த்தம் விதி. அதன் வேரைத் தோண்டினால் 'சொல்லுதல்' என்று வருகிறது. அதாவது, பிள்ளை பிறந்த வீட்டுக்கு வந்து, இது இன்னின்னபடி வாழும், இன்னின்னபடி சாகும் என்று சொல்லிவிட்டுப் போகிற பெண்கள். நம்மூரில் பிரம்மா தலையில் எழுதுகிறான். அங்கே வாயால் சொல்லி வேலையை முடித்துவிடுகிறார்கள், எழுதிய ஆதாரம் கூட இல்லாமல்.

பட்டாம்பூச்சிச் சிறகும் மந்திரக்கோலும் வெகு பிற்காலத்தில் ஒட்டியவை. பழைய கிராமத்து வெள்ளைக்காரன் இந்தக் கூட்டத்தைக் கண்டு நடுங்கினான். அழகான பிள்ளை எங்கே இருக்கிறது என்று பார்த்து, தொட்டிலிலிருந்து எடுத்துக்கொண்டு, பதிலுக்குத் தங்கள் நோஞ்சான் பிள்ளையைக் கிடத்திவிட்டுப் போவார்களாம். அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடவும் பயந்து 'நல்லவர்கள்' என்றுதான் சொல்வார்களாம். நமக்கு வைசூரி வந்தால் 'அம்மா வந்திருக்கிறாள்' என்பதுபோல.

இந்தப் பயம் எனக்கு அந்நியமில்லை. என் உயிரே அதில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. ரெம்பாவுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன் நான். அக்காளுக்கும் எனக்கும் நடுவில் பிறந்த பிள்ளைகள் தங்கவில்லை. அதனால் நான் பிறந்ததும் என்னை முறத்தில் போட்டு, நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் இருந்த குப்பை மேட்டில் வைத்தார்கள். இது எனக்கு வேண்டாத பிள்ளை என்று அம்மா சத்தமாகச் சொன்னாள். தற்செயலாக அந்தப் பக்கம் வருவதுபோல் வந்த பக்கத்து வீட்டு அத்தை, கோழிக்கு வைத்திருந்த தவிட்டில் ஒரு கை கொடுத்து என்னை வாங்கிக்கொண்டாள். பிறகு அம்மாவிடமே வளர்க்கக் கொடுத்தாள். பிள்ளையைக் கொண்டுபோக வருகிறவர்கள், குப்பையில் கிடந்து தவிட்டுக்குப் போன சரக்கு நமக்கு எதற்கு என்று திரும்பிவிட வேண்டும். அதற்காகத்தான் அத்தனை நடிப்பும். அந்த அத்தை என் மேல் கோபம் வரும்போதெல்லாம் என் தவிட்டைத் திருப்பிக் கொடு என்பாள்.

பெயரும் அதற்கேற்றாற்போல் வைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் அதைக் கூப்பிடும்போதெல்லாம் வகுப்பு சிரிக்கும். ஆசிரியர் பயிற்சிக்குப் போனதும் வாலையும் தலையையும் வெட்டி, பாதி வெள்ளைக்காரன் பெயர் மாதிரி ஆக்கிக்கொண்டேன். முழுப் பெயரை இங்கேயும் எழுதப் போவதில்லை.

ஆக, தொட்டில் போடுகிற நாளுக்கு நான் முழு ஆயுதபாணியாகப் புறப்பட்டேன். மகனின் வீடு இருக்கும் தாமான் குடியிருப்பும் ஒரு காலத்தில் ரப்பர் காடுதான். இப்போது நுழைவாயிலில் சிறகு முளைத்த சிமெண்டுப் பெண்கள் நிற்கிறார்கள். ஒருத்திக்கு மூக்கு உடைந்துவிட்டது. காவலாளி என் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டுதான் உள்ளே விட்டான். சொந்தத் தாத்தாவுக்கு இத்தனை பரிசோதனை. பிள்ளை பிடிக்கிற கூட்டத்துக்கோ வாசலிலேயே சிலை.

வீட்டுக்குள் ரோஜா நிற பலூன்களும் அட்டையில் வெட்டிய சிறகுகளும் தொங்கின. முதல் நாளே வந்துவிட்டிருந்த என் மனைவி, யாரும் பார்க்காத நேரம் என்று நினைத்துத் தொட்டில் துணிக்கடியில் கத்தரிக்கோல் ஒன்றைச் செருகிக்கொண்டிருந்தாள். இரும்பு இருந்தால் எதுவும் அண்டாதாம். பழைய ஆங்கிலேயத் தாய்மார்களும் இதையேதான் செய்தார்கள், நீ அந்த வம்சமா என்று கேட்டேன். என் வேலையைப் பார்த்துக்கொண்டு போகச் சொன்னாள்.

என் வேலை அடுத்த அறையில் இருந்தது. மருமகள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள். கோலாலம்பூருக்கு ரயிலேறி அலுவலகம் போய் வருகிற பெண், அதிகம் பேசமாட்டாள். நான் ஆரம்பித்தேன். லத்தீனிலிருந்து தொடங்கி, பிரெஞ்சில் இறங்கி, விதியைச் சொல்லும் பெண்களைக் கடந்து, பிள்ளை திருடும் இடத்துக்கு வந்தபோது என் குரல் வகுப்பறைக் குரலாகவே மாறிவிட்டது. நீ தேவதை என்று நினைத்து வைக்கிறாய், அது பிள்ளைகளைத் தூக்கிப்போகிறவர்களின் பெயர், வேறு பார் என்று முடித்தேன்.

அவள் குழந்தையின் கால் கொலுசைத் திருப்பிக்கொண்டே கேட்டாள். பிறகு சொன்னாள்.

"தெரியும் மாமா. ட்ரெய்ன்ல போற வர்ற நேரமெல்லாம் அதத்தான் படிச்சேன். மொதப் புள்ளைக்கு நல்ல அழகான பேரா பாத்து வச்சோம். தூக்கிட்டுப் போய்ட்டாங்க. இந்தத் தடவ அவங்க பேரையே வச்சிடறேன். வந்து பாத்தா, இது நம்ம புள்ளதான், இங்க வளருதுன்னு விட்டுட்டுப் போய்டுவாங்க."

கொலுசை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"மாமாவ தவிட்டுக்கு வித்தாங்கல்ல. இப்ப தவிட்டுக்கு நான் எங்க போறது?"

அவள் முகத்தில் கிண்டல் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நான் அகராதியில் தேடித் தேடிச் சேர்த்த ஆட்சேபம் முழுவதும் அவளுக்குக் காரணமாக இருந்திருக்கிறது. எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக, அந்தப் பெண் ரயிலில் உட்கார்ந்து அதைப் படித்த காலைகளைத்தான் நினைத்துக்கொண்டேன்.

கூடத்திலிருந்து மனைவி கூப்பிட்டாள். நேரம் ஆகிறது, குழந்தையின் காதில் பெயர் சொல்ல வேண்டும், வீட்டுக்கு மூத்தவர் வரட்டும் என்றாள். அக்காள் கோலா கிளாவாங்கிலிருந்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்து, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெயரை என் வாயால் சொல்லமாட்டேன் என்று அவளிடம் முன்பே வீரம் பேசியிருந்தேன்.

குழந்தையைத் தொட்டிலில் கிடத்தினார்கள். துணிக்கடியில் கத்தரிக்கோல் கையில் தட்டுப்பட்டது. அதை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டேன். காதோரம் மெல்லச் சொல்வதுதான் வழக்கம். நான் குனிந்து, நீங்கள் வைத்துவிட்டுப் போன பிள்ளைதான் இது என்று அந்தப் பிள்ளை பிடிக்கிற கூட்டத்திடம் மனசுக்குள் சொல்லிக்கொண்டு, அந்தப் பெயரை மூன்று முறை சொன்னேன். வாசல் வரைக்கும் கேட்கிறமாதிரி, சத்தமாகவே சொன்னேன்.