அப்பாவின் வலது கை

எங்கள் வீட்டு நல்லெண்ணெய் பாட்டிலில் அம்மா தினமும் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டு வேலைக்குப் போன காலம் ஒன்று இருந்தது. நான் அப்போது ஏழாம் வகுப்பு. அவனியாபுரத்தில் கிரில் பட்டறை வைத்திருந்த அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து, வலது கையும் காலும் விழுந்து, பேச்சும் போயிருந்தது. முழுக்கப் போனது என்று சொல்ல முடியாது. ‘சரி’ என்ற ஒரு சொல் மட்டும் எப்படியோ தப்பித்து வாயில் தங்கிவிட்டது. பசிக்கிறதா என்றாலும் சரி, பசிக்கவில்லையா என்றாலும் சரி. பட்டறையில் நான்கு பேரை அதட்டி வேலை வாங்கிய மனுஷர் எதற்கெடுத்தாலும் சரி என்று சொன்னது எனக்கு வசதியாகத்தான் இருந்தது. எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் அதுதான் உண்மை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு ஒரு பிசியோதெரபி அக்கா பத்து நாள் வீட்டுக்கு வந்து போனார். கடைசி நாளன்று என்னைக் கட்டிலோரம் உட்காரவைத்து, தோளிலிருந்து விரல்நுனி வரை எப்படித் தேய்ப்பது, உள்ளங்கையைக் கட்டைவிரலால் எப்படி அழுத்துவது, ஒவ்வொரு விரலையும் எப்படி நீவி மடக்கி விரிப்பது என்று காட்டிக் கொடுத்தார்.

“கை சும்மாவே கெடந்தா இறுகிப் போகும் பாப்பா. அப்படி ஒரு கை இருக்கிறதையே மூளை மறந்துரும். தேய்க்கத் தேய்க்கத்தான் அதுக்கு ஞாபகம் இருக்கும்.”

இதை நான் என் அறிவுக்கு எட்டியபடி புரிந்துகொண்டேன். தேய்த்தால் கை திரும்பி வரும், தேய்க்காவிட்டால் வராது. அம்மா துணிக்கடையில் நின்று வேலை பார்த்துவிட்டு ராத்திரி எட்டு மணிக்குத்தான் வருவாள். ஆகவே பொறுப்பு என் தலையில் விழுந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அரை மணி நேரம்.

முதல் இரண்டு வாரம் ஒழுங்காகவே செய்தேன். அந்தக் கை கனமாக இருக்கும். முழங்கை வரைக்கும் வெல்டிங் பொறி பட்ட தழும்புகள். இன்றைக்கு ஒரு விரலாவது அசையும் என்று உற்றுப் பார்த்துக்கொண்டே தேய்ப்பேன். ஒன்றும் அசையாது. பத்து நிமிஷத்தில் அப்பா தூங்கிவிடுவார். நான் கை வலிக்க உழைக்கிறேன், இவர் சொகுசாகத் தூங்குகிறாரே என்று எரிச்சலாக வரும். எண்ணெய் வாடை என் கையை விட்டுப் போகாது. கணக்கு நோட்டில்கூட விரல் தடம் பதிந்து, டீச்சர் எல்லோர் முன்னாலும் தூக்கிக் காட்டினார். இதற்கிடையில் தெருவில் சரியாக ஐந்து மணிக்கு ஷட்டில் ஆட்டம் தொடங்கிவிடும்.

மூன்றாவது வாரம் எனக்கு மூளை வேலை செய்தது. இரண்டு விரலில் எண்ணெய் தொட்டு, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஒரு பூச்சு. அரை நிமிஷ வேலை. கை பளபளவென்று ஆகிவிடும். பாட்டிலில் எண்ணெய் குறைய வேண்டுமே, அதற்கு அப்பா தன் கையால் செய்த எங்கள் வீட்டுக் கம்பிக் கதவு இருந்தது. அதன் கீலில் ஊற்றிவிடுவேன். அந்த வருஷம் எங்கள் தெருவிலேயே சத்தமில்லாமல் திறந்து மூடிய கதவு எங்களுடையதுதான். அப்பா கட்டிலில் படுத்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பார்.

அம்மா வந்ததும் பாட்டிலைப் பார்ப்பாள், கையின் பளபளப்பைப் பார்ப்பாள், அப்பாவைக் கேட்பாள்.

“இந்தாங்க, பிள்ள ஒழுங்காத் தேய்ச்சு விட்டாளா?”

“சரி.”

எங்கே மாட்டிக்கொள்வோமோ என்ற பயம்கூட எனக்குப் போய்விட்டது. அந்த நாட்களில் அப்பா சாப்பிடும்போதும் படுத்திருக்கும்போதும் காரணமில்லாமல் அழ ஆரம்பித்தார். “கொஞ்ச நாளா நல்லாத்தான இருந்தீக, மறுபடியும் என்னத்துக்கு?” என்று அம்மா முந்தானையால் அவர் முகத்தைத் துடைப்பாள். நான் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் என் வகுப்புத் தோழி முதல்முறையாக வீட்டுக்கு வந்தாள். மட்டையை எடுக்க உள்ளே போன என் பின்னாலேயே அவளும் வந்துவிட்டாள். அப்பா எங்களைப் பார்த்ததும் இடது கையால் வலது கையைத் தூக்கி, கட்டில் விளிம்பில் என் பக்கமாக நீட்டி வைத்தார். வாயோரம் எச்சில் வழிந்திருந்தது. தோழி ஒரு எட்டு பின்னால் போனாள். எனக்கு அவமானத்தில் காதெல்லாம் சூடாகிவிட்டது.

“பெறகு தேய்க்கிறேன், விடுங்கப்பா!” என்று அந்தக் கையைத் தள்ளிவிட்டேன். மெதுவாகத் தள்ளியதாகத்தான் ரொம்ப காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். மெதுவாக இல்லை. அது கட்டிலின் இரும்புச் சட்டத்தில் ணங்கென்று இடித்துத் தொங்கியது. அப்பா முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. “சரி” என்றார். நாங்கள் விளையாடப் போய்விட்டோம்.

ராத்திரி அப்பாவின் விரல் மொளி கன்றிப் போயிருப்பதைப் பார்த்து அம்மா பதறினாள். அப்பா இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டிக் காட்டி, தன்னையே சுட்டிக் காட்டினார். தானே இடித்துக்கொண்டாராம். அப்பாவும் நானும் கூட்டுக் களவாணிகள் ஆகிவிட்டோம் என்று அன்றைக்கு எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்.

அந்தக் கை கடைசிவரை வரவில்லை. நான் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படித்தபோது அப்பா இறந்தார். தேய்க்காமல் ஏமாற்றி அவர் கையைக் கெடுத்தவள் நான்தான் என்ற எண்ணம் மட்டும் என்னை விடவில்லை. கல்யாணமாகி ஒத்தக்கடைக்குக் குடிவந்த பிறகும் யாரிடமும் அதைச் சொன்னதில்லை.

போன மாதம் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். முழங்கால் வலிக்கு நான் தைலம் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தபோது எல்லாம் வாயிலிருந்து கொட்டிவிட்டது. இரண்டு விரல் பூச்சு, கதவுக் கீல், தோழி வந்த நாள், எல்லாம். நான் ஒழுங்காகத் தேய்த்திருந்தால் அப்பாவுக்குக் கை வந்திருக்குமே என்று அழுதேன்.

“லூசு. அந்தக் கை வராதுன்னு ஆஸ்பத்திரியிலயே சொல்லித்தான்டி அனுப்புனாங்க. ஒன்னால ஒன்னும் கெடல.”

இத்தனை வருஷம் சுமந்த பாரம் அந்த ஒரு பேச்சில் இறங்கிவிட்டது. இறங்கியதும் கோபம் வந்தது.

“பெறகு எதுக்கும்மா என்னையத் தேய்க்கச் சொன்ன?”

“படுத்ததுக்குப் பெறகு அவர யாரு தொட்டா? நான் குளிப்பாட்டுவேன், தொடைப்பேன், பெரட்டிப் போடுவேன். அது வேல. நீ கையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா மனுசன் அழுக மாட்டாரு. நீ தேய்ச்ச அன்னைக்கெல்லாம் ராத்திரி நல்லாத் தூங்குவாரு. அதுக்குத்தான்.”

“அந்தக் கையிலதான் உணர்ச்சியே இல்லையேம்மா.”

அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “ஆரு சொன்னா? அசைக்கத்தான் முடியாது. ஈ உக்காந்தாக்கூட அவருக்குத் தெரியும்.”

அசையாத கைக்கு ஒன்றும் தெரியாது என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன். யாரையும் கேட்டதில்லை. கட்டிலில் இடித்த மறுநாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, கன்றிப்போன அந்தக் கையை எடுத்து என் பக்கமாக வைத்துக்கொண்டு அப்பா காத்திருந்தார். நான் பையை எறிந்துவிட்டு விளையாட ஓடினேன்.